பெத்தானியாவை ஏன் எடுத்தீர்கள்?

எருசலேம் புனிதப் பயணங்களை நடத்தும் நம் திருச்சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாரே, அம்மாமாரே,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடுத்த புனிதப் பயணத்தின் துண்டுப் பிரசுரம் கைக்கு வந்தது. பத்து நாள், மூன்று நாடு. எருசலேமில் தங்கும் நாட்களுக்கான பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். முன்பெல்லாம் அதில் "பெத்தானியா, லாசருவின் கல்லறை" என்று ஒரு வரி இருக்கும். இந்தத் தடவை அது இல்லை. அந்த இடத்தில் "தாவீதின் நகரம்" என்று போட்டிருக்கிறது.

ஏன் என்று கேட்டேன். பஸ் ரொம்பச் சுற்றிப் போகிறது, அரை நாள் போய்விடுகிறது என்றார்கள். எதனால் சுற்றிப் போகிறது என்று கேட்டேன். "நாம் ஜெபிக்கப் போகிறோம்மா. அந்த ஊர் அரசியல் நமக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது.

2019இல் பயணம் போய்த் திரும்பிய கையோடு நான் எழுதிக் கொடுத்த மனுவுக்கும் இதே பதில்தான். அன்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த முறை அப்படி முடியாது. பயணம் போகிறவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் யார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நகர ஊரமைப்புப் பிரிவில் 31 வருடம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மனைப்பிரிவு வரைபடம், சாலை விரிவாக்க வரைபடம், கட்டட அனுமதிக் கோப்பு, இவைதான் என் பிழைப்பு. அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தபோது, நடையாய் நடந்த ஜனங்களின் கோப்புகளை உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எருசலேமுக்கு பைபிளோடு போனேன். கண்ணை மட்டும் அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பெத்தானியாவிலிருந்தே தொடங்குகிறேன். அது எருசலேமுக்கு இரண்டு மைல் என்று யோவான் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒலிவ மலையின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஊர் வந்துவிடும். மரியாளும் மார்த்தாளும் இருந்த வீட்டுக்கு இயேசு சாயங்காலம் நடந்தே போய்த் தங்கினார் என்றால் நம்பக்கூடிய தூரம்தான். இன்று அந்த ஊருக்குப் பெயர் அல்-எய்சாரியா. லாசருவின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பழைய சாலையின் குறுக்கே எட்டு மீட்டர் உயரத்துக்கு கான்கிரீட் சுவர் நிற்கிறது. நாங்கள் போன பஸ் மாலே அதுமிம் என்ற யூதக் குடியேற்றத்துக்குப் போகும் நெடுஞ்சாலையைப் பிடித்து, மலையையே சுற்றி, பின்பக்கமாக ஊருக்குள் நுழைந்தது. இதைத்தான் நீங்கள் "ரொம்பச் சுற்று" என்கிறீர்கள்.

லாசருவின் கல்லறைக்குள் இறங்கி ஏறிவிட்டு வெளியே நின்றபோது, கடை வைத்திருந்த ஒரு தாய் என் கையைப் பிடித்து மேற்கே காட்டினார். அவர் தங்கை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாராம். முன்பு ஒருவர் வீட்டில் சமைத்தது இன்னொருவர் வீட்டுக்குச் சூடு ஆறாமல் போகுமாம். இப்போது அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் பேசியது அரபி. கடைப் பையன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். சூடு ஆறாமல் என்பதற்கு அந்தத் தாய் உள்ளங்கையை ஊதிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சுவர் ஏன் வந்தது என்பதை மறைத்துவிட்டு நான் பேச மாட்டேன். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எருசலேமின் பஸ்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து எத்தனையோ யூதக் குடும்பங்கள் சிதறின. 2002இல் சுவர் கட்டத் தொடங்கியதற்கு இஸ்ரேல் அரசு சொல்லும் காரணம் அதுதான். ஆனால் சுவர் நாட்டு எல்லையோடு போகவில்லை. பெரும்பகுதி எல்லையைத் தாண்டி உள்ளே புகுந்து, ஊரையும் உறவையும் நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. அப்படிப் போகும் பகுதி சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலையில் ஆலோசனைக் கருத்து சொன்னது. அதே சுவர் கஃப்ர் அக்காப், ஷுவஃபாத் அகதி முகாம் போன்ற நகராட்சிப் பகுதிகளையே சுவருக்கு வெளியே தள்ளிவிட்டது. அங்குள்ளவர்கள் எருசலேமுக்கு வரி கட்டுகிறார்கள். குப்பை அள்ள வண்டி ஒழுங்காக வருவதில்லை.

இப்போது பெத்தானியாவை ஒட்டிய நிலத்தில் ஈ-1 என்ற திட்டம். சுமார் 3,400 குடியேற்ற வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் இறுதி ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அது கட்டி முடிந்தால் கிழக்கு எருசலேமுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் தொடர்ச்சியும் அறுந்துவிடும். அந்த ஊருக்கு இது எப்படிப்பட்ட நேரம் என்று பாருங்கள். இந்த நேரத்தில்தான் நம் பஸ்ஸும் அந்த ஊரைத் தவிர்க்கிறது.

அடுத்தது பழைய நகரத்தில் யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரின் முன்னுள்ள மைதானம். நம் குழுவில் எல்லாரும் சீட்டு எழுதிக் கல் இடுக்கில் செருகினார்கள். நானும் பேத்தி பெயரை எழுதிச் செருகினேன். பிறகு திரும்பி நின்று அந்தத் திறந்தவெளியைப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பழைய நகரம் அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். அப்படிப்பட்ட ஊரில் இவ்வளவு பெரிய வெட்டவெளி தானாக வராது. வழிகாட்டியிடம் கேட்டேன். "எப்போதுமே மைதானம்தான்" என்றார்.

அது உண்மையில்லை. அங்கே மொராக்கோ குடியிருப்பு என்று ஒரு பேட்டை இருந்தது. சலாவுதீனின் மகன் அல்-அஃப்தல் 1193 வாக்கில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு எழுதிவைத்த அறக்கட்டளை நிலம். 1967 ஜூன் 10ஆம் தேதி இரவு, கிழக்கு எருசலேமை ஜோர்டானிடமிருந்து இஸ்ரேல் பிடித்த போர் ஓய்ந்த கையோடு, அங்கிருந்த சுமார் 135 வீடுகளை புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். வெளியேறச் சொல்லிக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். இதற்கு முந்தைய கணக்கும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1948 முதல் 1967 வரை ஜோர்டான் ஆட்சியில் யூதர்கள் அந்தச் சுவர் அருகே வரவே முடியவில்லை. பழைய நகரத்தின் யூதர் குடியிருப்பு காலியாக்கப்பட்டு, அவர்களின் ஜெப ஆலயங்கள் இடிந்து கிடந்தன. அந்த வலி பொய்யில்லை. மொராக்கோ பேட்டைக்காரர்களின் வலியும் பொய்யில்லை. நம் கையேட்டில் முதலாவதற்கு அரைப் பக்கம் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு வரிகூட இல்லை.

என்னை எழுத வைத்த இடம் இவை இரண்டும் இல்லை. சீலோவாம் குளம்தான் அது. நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் "தாவீதின் நகரம்" இருக்கும் இடம்.

குழுவினர் எசேக்கியா சுரங்கத்தில் தண்ணீருக்குள் நடந்து வரப் போனார்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே குளத்துப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். புதினா போல ஒரு இலை போட்டுத் தேநீர் கொடுத்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து உள்ளே போய், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பையை வைத்து விரித்தார்.

நகர வரைபடம். எழுத்தெல்லாம் எபிரேயம், ஒன்றும் புரியவில்லை. கோடு புரிந்தது. நீலக் கோடு திட்டத்தின் எல்லை. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக நெருக்கமாக வீடுகள். அந்த வீடுகளின் மேலேயே பச்சை. பச்சை என்றால் எங்கள் தொழிலில் பூங்கா, திறந்தவெளி. வீடு இருக்கிற இடத்தில் பச்சை பூசினால் என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அவர் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். நகத்தடியில் பெயின்ட் காய்ந்திருந்தது. "இது நான்" என்றார்.

சீல்வான் என்ற பாலஸ்தீனப் பேட்டையில் அந்தப் பகுதிக்கு அல்-புஸ்தான் என்று பெயர். புஸ்தான் என்றால் தோட்டம். நெகேமியா 3ஆம் அதிகாரத்தில் சீலோவாவின் குளத்தண்டையில் ராஜாவின் தோட்டம் என்று வருகிறதே, அதை மீட்டெடுத்துப் பூங்கா அமைப்பதாகத் திட்டம். 2005இல் ஏறத்தாழ 90 வீடுகளுக்கு இடிப்பு ஆணை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். பல வருடம் வழக்கும் வெளிநாட்டு நெருக்குதலுமாக இழுத்துக்கொண்டு இருந்தது. 2023இன் காசா போருக்குப் பிறகு, உலகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடிப்பு வேகம் பிடித்தது. அந்தக் கடைக்காரரின் வீடு இன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. செய்திப் படங்களில் உடைந்த கான்கிரீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரைபடத்தின் கட்டம்தான் கண்ணில் வருகிறது.

"அனுமதி வாங்காமல் கட்டினார்கள், இடிக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே?" என்று பொறுப்பாளர் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பட்டா இல்லாமல் எந்த ஊரிலும் கட்டட அனுமதி கிடைக்காது. கிழக்கு எருசலேமில் நில உரிமையை நிர்ணயித்துப் பதிவு செய்யும் வேலை முன்பே பாதியில்தான் இருந்தது. 1967இல் இஸ்ரேல் அதை நிறுத்தி வைத்தது. மறுபடி தொடங்கியது 2018இல். நடுவில் அரை நூற்றாண்டு. இத்தனை வருடம் பெருவாரியான நிலத்துக்குப் பதிவே இல்லை. பட்டா கொடுக்கும் கவுண்டரை ஐம்பது வருடம் மூடி வைத்துவிட்டு, பட்டா இல்லை என்று கோப்பைத் திருப்பியனுப்பினால் அதற்குப் பெயர் விதிமீறலா? சரி, இப்போதுதான் திறந்தார்களே என்பீர்கள். 1950இல் போட்ட "இல்லாதோர் சொத்து" சட்டம் என்று ஒன்று உண்டு. வாரிசுகளில் ஒருவர் அம்மானிலோ பெய்ரூட்டிலோ இருந்தால் அந்தப் பங்கை அரசு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பதிவு செய்யப் போனால் உள்ளதும் போய்விடுமோ என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள்.

அடுத்தது நிலப் பயன்பாடு. 1967க்குப் பின் கிழக்கு எருசலேமின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரும்பாலும் யூதக் குடியேற்றங்களுக்காகக் கையகப்படுத்தினார்கள். பாலஸ்தீனர்கள் வீடு கட்ட ஒதுக்கியது சுமார் 13 சதவீதம், அதிலும் பெரும்பகுதியில் ஏற்கனவே வீடு இருக்கிறது. நகர மக்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் பாலஸ்தீனர்கள். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு அறை எடுக்காமல் என்ன செய்வார்கள்? நம் ஊரில் அப்படி எடுத்த அறைக்கு வரன்முறை என்று ஒரு கதவாவது திறந்தோம். அங்கே பலர் தங்கள் வீட்டைத் தாங்களே இடிக்கிறார்கள். நகராட்சி வந்து இடித்தால் இடிப்புச் செலவையும் வீட்டுக்காரர்தான் கட்டவேண்டும். தன் கையால் இடித்தால் அந்தச் செலவு மிஞ்சும். கடைக்காரரின் அண்ணன் மகன் அப்படி இடித்தாராம். ஜன்னல் சட்டத்தைச் சேதமில்லாமல் கழற்றுவதற்கே ஒரு நாள் ஆனதாம், மறுபடி எங்காவது மாட்டலாம் என்று.

அதே சீல்வானில் பத்ன் அல்-ஹவா என்ற பகுதியில் இடிப்பு இல்லை, வெளியேற்றம். 1948க்கு முன் யூதர்களுக்குச் சொந்தமாயிருந்த இடத்தை அவர்கள் தரப்பு திரும்பக் கேட்கலாம் என்று 1970இன் சட்டம் சொல்கிறது. மேற்கு எருசலேமில் அதே 1948இல் வீட்டை விட்டு ஓடிய பாலஸ்தீனருக்கு அந்த உரிமை கிடையாது. ஒரே நகரம், ஒரே வருடம், இரண்டு சட்டம்.

கடைக்காரர் இன்னொன்றும் காட்டினார். பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே மின்கட்டண ரசீது, நகராட்சி வரி ரசீது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள்கள், வருடவாரியாக நூல் கட்டி. அவர் அந்த ஊரில் பிறந்தவர். ஆனால் குடிமகன் இல்லை, "நிரந்தர வசிப்பாளர்" மட்டும். தன் வாழ்க்கையின் மையம் எருசலேம்தான் என்று கேட்கும்போதெல்லாம் நிரூபிக்க வேண்டும். தவறினால் அட்டை போய்விடும். 1967 முதல் இப்படி அட்டை இழந்தவர்கள் 14,000க்கும் மேல். முப்பது வருடம் கோப்பு கட்டியவள் நான். தன் ஊரில் தான் இருப்பதை நிரூபிக்க ஒரு மனிதர் கட்டிய கோப்பைப் போல ஒழுங்கான கோப்பை நான் பார்த்ததில்லை.

சுரங்கத்திலிருந்து நம்மவர்கள் ஈரக் காலோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைக்காரர் வரைபடத்தைச் சுருட்டிவிட்டார். பஸ்ஸில் ஏறிய பிறகு அன்றைய தியானம் யோவான் 9. பிறவிக் குருடன் இந்தக் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றவனாய்த் திரும்பின பகுதி. என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

அந்த "தாவீதின் நகரம்" தொல்லியல் பூங்காவை அன்றாடம் நடத்துவது எலாட் என்ற குடியேற்ற அமைப்பு. சீல்வானில் யூதக் குடும்பங்களைக் குடியமர்த்துவது அதன் வெளிப்படையான நோக்கம். நாம் வாங்கும் நுழைவுச் சீட்டு அங்கே போகிறது. தோண்டியெடுத்த கற்கள் உண்மையானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்ட குளத்துப் படிகளைப் பார்த்து நானும் உருகினேன். ஆனால் மேலே குடியிருப்பவர்கள் தங்கள் சுவரில் விரிசல் விழுவதற்கு அந்தத் தோண்டலே காரணம் என்கிறார்கள். இனி மேற்கு எருசலேமிலிருந்து பழைய நகரத்தின் குப்பைமேட்டு வாசல் வரை 1.4 கிலோமீட்டருக்கு ரோப் காரும் வரப்போகிறது. உச்ச நீதிமன்றம் 2022இல் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளிவிட்டது. அது வந்தால் நம் ஜனங்கள் சீல்வான் கூரைகளுக்கு மேலேயே பறந்து இறங்கிவிடுவார்கள். ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் வாய்ப்பிருக்காது.

"அரசியல் எதுக்கு" என்கிறீர்கள். 2018 பிப்ரவரியில் எருசலேமின் கிரேக்க, ஆர்மேனிய, கத்தோலிக்கத் தலைவர்கள் சேர்ந்து கல்லறைத் திருக்கோயிலின் கதவை மூன்று நாள் சாத்தினார்கள். சபைச் சொத்துக்கு நகராட்சி போட்ட வரியையும், சபை விற்ற நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வந்த மசோதாவையும் எதிர்த்து. வெளிநாட்டு யாத்திரிகர்கள் கதவுக்கு வெளியே முழங்காலிட்டு நின்றார்கள். 2022இல் ஒலிவ மலையில் சபைகளின் நிலத்தைத் தேசியப் பூங்காவுக்குள் சேர்க்கும் திட்டத்தையும் அவர்கள் எதிர்த்துத்தான் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் இன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்களுக்கு நிலமும் வரியும் வரைபடமும்தான் சபையின் உயிர்ப் பிரச்சினை. நாம் பத்து நாளில் ஒரு மணி நேரம்கூட அவர்களோடு உட்காரவில்லை. ஒலிவ மலைச் சரிவில் ஆண்டவர் நகரத்தைப் பார்த்து அழுத இடத்துக்கு மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம்.

இனி நான் கேட்பவை.

பெத்தானியாவைத் திரும்பச் சேருங்கள். சுற்றிப் போகும் நேரத்தைப் பஸ்ஸில் வீணாக்காமல், ஏன் சுற்றுகிறோம் என்பதை அப்போதே ஜனங்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊரிலேயே ஒரு மதியச் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

எருசலேமில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையை ஓட்டல் மண்டபத்தில் நாமே நடத்தும் ஆராதனையில் கழிக்க வேண்டாம். நம் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்த புனித ஜார்ஜ் பேராலயம் அங்கேயே நாப்ளஸ் சாலையில் இருக்கிறது. அரபி மொழி ஆராதனையில் அவர்களோடு உட்காருவோம். முடிந்தபின் அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

"தாவீதின் நகரம்" வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள். சீலோவாம் குளம் இல்லாமல் பயணம் நிறைவாகாது என்று தோன்றினால், அந்தப் பூங்காவை யார் நடத்துகிறார்கள், சுற்றி யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டின் நிலை என்ன என்பதைச் சீட்டு வாங்குவதற்கு முன்பே யாத்திரிகர்களிடம் சொல்லுங்கள். கையேட்டிலும் எழுதுங்கள். மொராக்கோ பேட்டையின் பெயரும் அதில் வர வேண்டும்.

தங்கும் ஓட்டல், சாப்பாடு, ஒலிவமரச் சிலுவை வாங்கும் கடை, வழிகாட்டி, இவற்றில் பாதியாவது கிழக்கு எருசலேம், பெத்லகேம் ஜனங்களிடம் போகும்படி பயண நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நம்மில் பலர் அரசு மானியத்தில் போகிறோம். ஜனங்களின் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒலிவ மலைத் திட்டத்தைப் பற்றியும் இடிப்புகளைப் பற்றியும் அந்த ஊர்ச் சபைத் தலைவர்கள் அறிக்கை விடும்போது, அதைத் தமிழில் மாற்றி நம் ஆலயங்களில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, எழுத்தில் பதில் வேண்டும். வாய்மொழிப் பதில் எனக்கு இரண்டு தடவை கிடைத்துவிட்டது. முன்பணம் கட்டக் கடைசித் தேதி பிரசுரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னதாக, பெயர் கொடுத்திருக்கும் எல்லாரும் இருக்கும் ஆயத்தக் கூட்டத்தில் அந்தப் பதிலை வாசியுங்கள். கூட்டத்துக்கு நான் வருவேன். அல்-புஸ்தான் வரைபடத்தை நினைவிலிருந்து பெரிய தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். சுவரில் மாட்ட எனக்குப் பதினைந்து நிமிடமும் ஒரு ஆணியும் கொடுங்கள்.

இப்படிக்கு,
2019ஆம் ஆண்டுப் பயணத்தில் உங்களோடு வந்த ஓய்வு பெற்ற வரைவாளர் ஒருத்தி,
திருநெல்வேலி